பால் தூக்கோடு நடந்த காலம்

அன்று காலை நான் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் இன்னும் ஏறவில்லை. தெளித்த தண்ணீர் வாசலில் அப்படியே நின்றது. மாம்பழ சீசன். சித்தூர் முழுக்க மாங்கூழ் ஃபேக்டரிகளின் வாசனை, இனிப்பும் புளிப்புமாகக் கலந்து வீட்டுக்குள் வரைக்கும் வந்துவிடும். என் வீட்டுக்காரர் முனிரத்தினம் கூடத்து நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, புடவைக்குக் கீழே தெரிந்த என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் ஒரு ஜோடி இருந்தது. பெங்களூரிலிருந்து மகள் இரண்டு ஜோடியாகத்தான் அனுப்பினாள். என்னுடையதில் அடி தேய ஆரம்பித்துவிட்டது. அவருடையது பீரோ மேல் பெட்டியோடு இருந்தது. உள்ளே சுற்றிய காகிதம்கூடப் பிரியவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அப்போது ஒரு மாதம் தாண்டியிருந்தது. இன்னொரு அடைப்பு மிச்சம் இருந்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். "மூணு மாசம் பார்ப்போம். மாத்திரை போடுங்க, தினமும் நடங்க. அப்பவும் இப்படியே இருந்தா நெஞ்சைத் திறந்துதான் ஆகணும்."

மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். நடை மட்டும் நடக்கவில்லை. சாப்பாட்டு மேஜையை எட்டுச் சுற்று சுற்றிவிட்டு, "ஆச்சு, நடந்துட்டேன்" என்று சொல்லும் ஆளை என்ன செய்வது?

"ஒரு மாசம் போயிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம்தான் கீது" என்றேன், கயிற்றை இழுத்துக்கொண்டே. "இன்னைக்காவது வாங்க. ஒரு ரவுண்டு. அவ்ளோதான்."

"கிரவுண்டுக்கா? பொம்பளைங்க பின்னாடி நொண்டிக்கினு வர சொல்றியா?"

"முன்னாடி நடங்க. யார் வேணாம்னாங்க?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு என் ஷூவைப் பார்த்தபடியே கேட்டார். "நீ மட்டும் யாருக்குக் காட்ட இவ்ளோ வேகமா நடந்துகினு கீற?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்தேன். வெளியே வந்து கதவைப் படார் என்று சாத்தினேன். கதவு சாத்திக்கொள்ளவில்லை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த அவருடைய பழைய கர்லாக்கட்டையில் இடித்து மறுபடி விரியத் திறந்துகொண்டது. கோபத்தைக்கூட முழுசாகக் காட்ட விடாத வீடு!

யாருக்குக் காட்ட?

அவர் கேட்ட கேள்வி எனக்குப் புதிதில்லை. அதே வார்த்தைகளை, நான் பிறந்த நகரியில், பன்னிரண்டோ பதிமூன்றோ வயதில், என் நைனா வாயிலிருந்து கேட்டவள் நான்.

எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால்தான் எனக்கு இன்றைக்கும் குரல் கொஞ்சம் தூக்கல். ஸ்கூல் விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கால் தரையில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. காதில் காற்று மட்டும் கேட்டது. முதலில் வந்தேன். ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள். ரோஸ் கலர்.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். நைனா தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. "நல்லா ஓடினியா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, போதும். பொட்டப் புள்ள. யாருக்குக் காட்ட ஓடிக்கினு கீற?"

அதற்கடுத்த வருஷம் பெரியவளானேன். அதோடு ஓட்டம் முடிந்தது. யாரும் தனியாக வந்து தடுக்கவில்லை. பெயர் எழுதும்போது டீச்சரே என் பெயரை விட்டுவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். சோப்பு டப்பா மட்டும் கல்யாணச் சீரோடு சித்தூர் வரைக்கும் வந்தது.

கசரத்து முனிரத்தினம்

என் வீட்டுக்காரர் கதை இதற்கு நேர் எதிர்.

கல்யாணமான புதிதில் காலையில் ஏதோ 'ஹும், ஹும்' என்று சத்தம் கேட்டு விழித்துக்கொள்வேன். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் இவர் வெறும் உடம்பில் நல்லெண்ணெய் மினுமினுக்கத் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார். அது முடிந்தால் பஸ்கி. அது முடிந்தால் இரண்டு கையிலும் கர்லாக்கட்டை. தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் கொண்டுவந்து சுழற்றுவார். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், பச்சை முட்டை இரண்டு. ஊரில் அவருக்குப் பெயரே கசரத்து முனிரத்தினம்தான். தாசில்தார் ஆபீஸில் குமாஸ்தா வேலை, ஆனால் ஃபைல் தூக்குவதற்கு எதற்கு இவ்வளவு தோள் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் செய்ய மாட்டார். காலேஜ் கிரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு கசரத்துக் கொட்டகை இருந்தது. அங்கே போய்விடுவார். செம்மண் குழி, தென்னங்கீற்றுக் கூரை, பத்துப் பதினைந்து ஆம்பிளைகள். அந்தப் பக்கம் குழாயடி. தண்ணீர் பிடிக்கும் பெண்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். ஆம்பிளைகள் அது தெரியாத மாதிரி இன்னும் நாலு தண்டால் கூட எடுப்பார்கள். பொய் சொல்ல மாட்டேன், நானும் குடத்தோடு நின்று பார்த்திருக்கிறேன். எனக்கும் பெருமைதான்.

ஒரு நாள் ஆசையாகக் கேட்டேன். "நானும் காலையில கிரவுண்டுக்கு வரட்டுமா? சும்மா ஓரமா ஓடுறேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீயா? அம்மி அரைக்கிற, துணி தோய்க்கிற, தண்ணி சேந்துற. அதுவே கசரத்துதான். போதும், போதும். இதுக்கு மேல பண்ணா நீ என்னையே தூக்கிடுவ."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை.

அவர் எப்போது நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தால் நாள் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. முதலில் முதுகு பிடித்துக்கொண்டது. அப்புறம் மழை. அப்புறம் மகள் பரீட்சை. அப்புறம் 'திங்கள்கிழமையிலேர்ந்து'. எத்தனையோ திங்கள்கிழமை வந்து போயிற்று. கொட்டகையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்லாருக்கும் தொப்பை வந்தது. கொட்டகை இருந்த இடத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் வந்தது. இப்போது அங்கே அதே ஆட்கள்தான் பிரஷர் மாத்திரைக்கு நிற்கிறார்கள்.

கர்லாக்கட்டை ஒன்று வாசற்கதவுக்கு முட்டு. இன்னொன்று அரிசி டிரம் மூடிமேல் பாரம்.

வெறுங்கையோடு நடக்கக் கூடாது

என் நடை ஆரம்பித்தது நாற்பத்தைந்து தாண்டி. சர்க்கரை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவுக்கும் அதே கதை. அவள் தெலுங்குக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் என்னைவிட இரண்டு மடங்கு. "ரா அக்கா, நாம ரெண்டு பேரும் நடக்கலாம்" என்றாள்.

சொல்வது சுலபம். எங்கே நடப்பது, என்ன சொல்லிக்கொண்டு நடப்பது? இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு ஒரு பொம்பளை விடிகாலையில் வெறுங்கையோடு ரோட்டில் வேகமாக நடந்தால், எதிரே வருகிற நாலு பேரில் மூன்று பேர் நின்று கேட்பார்கள். "இன்னாம்மா, யாருக்கு உடம்பு சரியில்ல?" நாலாவது ஆள் கேட்காமலே வீட்டில் சண்டை என்று முடிவு கட்டிவிடுவார்.

லட்சுமம்மாதான் வழி கண்டுபிடித்தாள். கிரவுண்டுக்குப் பின்னால் ஒருவர் எருமை வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொண்டோம். கையில் தூக்கு இருந்தால் போதும், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பொம்பளை பாலுக்குப் போகிறாள். பாலுக்குப் போகிறவள் வேகமாகத்தான் போவாள். பால் தீர்ந்துவிடுமே!

அப்படித் தூக்கை ஆட்டிக்கொண்டு கிரவுண்டை நாலு சுற்று, ஐந்து சுற்று நடப்போம். மூடி டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். பத்து நாளில் பார்த்தால் பூக்கூடையோடு ஒருத்தி வந்தாள். அர்ச்சனைத் தட்டோடு ஒருத்தி வந்தாள், கிரவுண்டில் கோயிலே கிடையாது. ஏழெட்டுப் பெண்கள், ஏழெட்டுச் சாக்கு. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

எருமைக்காரரிடம் போவதற்குள் பாதி நாள் பால் தீர்ந்திருக்கும். மீதி நாள் நாங்கள் போகவே மாட்டோம். காலித் தூக்கோடு வீட்டுக்குள் நுழைவேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்.

"பால் கிடைச்சுதா?"

"ஆயிடுச்சாம். நாளைக்குப் பாக்கணும்."

"சரி" என்பார். பாக்கெட் பாலில் காபி போடுவேன். ஏழு வருஷம் இப்படி ஓட்டினேன். ஆபீஸில் எத்தனையோ பேருடைய பொய்க் கணக்கைக் கண்டுபிடித்த மனுஷனை நான் ஒரு தூக்கை வைத்து ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

பிறகு எருமைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் போனார். அங்கே அபார்ட்மெண்ட் வந்தது. அதற்குள் காலமும் மாறிவிட்டது. இளம்பெண்கள் டிராக் பேண்ட்டில் ஓட ஆரம்பித்தார்கள். எங்களையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. நாங்கள் தூக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்கையை வீசி நடந்தோம். முதல் நாள் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பார்ப்பவர்கள் இருந்தவரைக்கும் அவர் கசரத்து செய்தார். பார்ப்பவர்கள் போன பிறகுதான் என்னால் வெறுங்கையோடு நடக்க முடிந்தது.

படிக்குப் படி மஞ்சள்

இவருக்கு ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து திருமலை தெரிந்தது. வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, மகளை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, லட்சுமம்மாவோடு அலிபிரியிலிருந்து ஏறினேன்.

மெட்டு பூஜை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படி. ஒரு படிகூட விடக்கூடாது. மேலே போகும்போது விரல் நகமெல்லாம் மஞ்சள், தொடை இரண்டும் நடுங்கும். முழங்கால் மெட்டு என்கிற செங்குத்து ஏற்றத்தில் பல பேர் முட்டி போட்டே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

எங்களைத் தாண்டி அரை டிராயர் போட்ட இளைஞர்கள் ஓடினார்கள். கையில் வாட்ச், காதில் பாட்டு. ஒருவன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்கள்லாம் ஜிம்முக்குப் போறீங்களா?" என்று கேட்டான்.

லட்சுமம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஜிம்மா? மேமு பக்தி பண்றோம் நாயனா. நீ போ" என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்கு மஞ்சள் டப்பா கை நழுவிவிட்டது. எங்கள் அம்மா காலத்துப் பெண்களுக்கு வீட்டை விட்டு வெளியே வந்து உடம்பை வளைக்க சாமி ஒருத்தர்தான் சாக்கு. எங்களுக்குப் பால் கிடைத்தது.

மறுபடி அந்தக் காலை

சரி, கதையைக் கதவில் விட்டேன் அல்லவா, அங்கேயே வருகிறேன்.

கோபத்தில் கிரவுண்டுக்கு வந்து முதல் சுற்றை ஓட்டமும் நடையுமாக முடித்தேன். லட்சுமம்மாவுக்கு மூச்சிரைத்தது. "ஏமி அக்கா, பேய் துரத்துதா?" என்றாள். நான் வேகத்தைக் கூட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. பிடிவாதத்தால் இந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவார், நான் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பேன். அதுதான் பயம். கோபமெல்லாம் மேல்பூச்சு.

மூன்றாவது சுற்றில் புளியமரத்துப் பக்கம் திரும்பும்போது தூரத்தில் ஒரு ஆள் தெரிந்தார். கைலி. கைலிக்குக் கீழே பளீரென்று வெள்ளை ஷூ. வேலியை ஒட்டி ஓரமாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து வந்தார். வலது கையில் ஏதோ மின்னியது.

எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பரணில் எங்கேயோ கிடந்ததை எப்படித் தேடி எடுத்தார்? சிமெண்ட் பெஞ்சில் அவருடைய பழைய கொட்டகை ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது இவர் தூக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். "இன்னா முனிரத்தினம், இந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"பால் வாங்க வந்தேம்பா."

எருமை போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்களுக்கும் தெரியும். தலையாட்டினார்கள்.

லட்சுமம்மா இருக்கிறாளே, அவளுக்குக் கோயில் கட்டலாம். நேரே அவர் எதிரில் போய் நின்றாள். சிரிக்கவில்லை. "பாலா, அண்ணா? இங்க லேது. இன்னொரு ரவுண்டு சுத்திப் போனா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்தாள்.

அவர் சுற்றினார். நானும் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். என் நடையை அவர் நடைக்குக் குறைத்தேன். கொஞ்ச தூரம் ஷூ மண்ணில் உரசும் சத்தமும் மூடி அடிக்கும் சத்தமும்தான். பிறகு நானே கேட்டேன்.

"பால் கிடைச்சுதா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஆயிடுச்சாம். நாளைக்குப் பாக்கணும்."

என் வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் என் வார்த்தை!

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"ஏழு வருஷம் பாக்கெட் பால் காபி குடிச்சவன் நானு. ஒரு நாள்கூட எருமைப் பால் வரலன்னா எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்க நின்றார். தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒரு நாள் பின்னாடியே வந்து பாத்தேன். தூக்கை ஆட்டிக்கினு போய்க்கினு இருந்த. சிரிச்சிக்கினு போன."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நின்னுடுவியே."

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம். 'நல்லா நட வசந்தா' என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் எதற்கு ஏழு வருஷம் ஒரு பாத்திரத்தைச் சுமந்திருக்கப் போகிறேன்? அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் தலையைத் தூக்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொரு பக்கம் அழுகை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அன்று ஒன்றரைச் சுற்று. மறுநாள் இரண்டு.

இரண்டு மாதம் கழித்து திருப்பதிக்குப் போனோம். டாக்டர் புதிதாக எடுத்த நெஞ்சுப் படத்தைப் பார்த்தார், பழைய படத்தையும் எடுத்துவைத்துப் பார்த்தார். "இப்போதைக்கு நெஞ்சைத் திறக்க வேணாம். இப்படியே விடாம நடங்க" என்றார். "தினமும் எவ்ளோ தூரம் நடக்கறீங்க?"

"பாலுக்குப் போய் வர தூரம் சார்" என்றார் இவர். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இனிமேல் சாக்கு தேவையில்லை, வெறுங்கையோடு வருவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதவிலிருந்து கர்லாக்கட்டையை நகர்த்திவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த தூக்கை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவார்.